மொய்யா, கடனா? பணக்கார நாடுகளின் பருவநிலைக் கணக்கு

தணிக்கைக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பருவநிலை மாற்றம் என்று யாராவது இங்கே எழுதினாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ஒரு கட்சிக்கு மேலை நாடுகள் எல்லாம் திருடர்கள். இன்னொரு கட்சிக்கு ஏழை நாடுகள் எல்லாம் கையேந்திகள். நான் முப்பது வருடம் பிறர் கணக்கைப் பார்த்தே பிழைத்தவன். எனக்கு ரசீது வேண்டும்.

2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் வளர்ந்த நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க 2020 வாக்கில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை வளரும் நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்று. (நூறு பில்லியன் என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். பில்லியன் கணக்கு எனக்கு ஒத்துவராது, கோடியிலேயே எழுதுகிறேன்.) 2020இல் 8,330 கோடிதான் ஆனது. 2021இல் 8,960 கோடி. 2022இல் 11,590 கோடி. பணக்கார நாடுகளின் சங்கமான ஓஇசிடி வெளியிட்ட எண்கள் இவை.

இரண்டு வருடம் தாமதம். ஆனால் கொடுத்தாயிற்று, சொன்னதற்கு மேலேயே. அப்படியிருக்க 2024இல் பாக்கூ மாநாட்டில் ஏன் அவ்வளவு சண்டை? 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று இலக்கை மூன்று மடங்காக்கினார்கள். இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து அது வெறும் மாயத்தோற்றம் என்றார். வளரும் நாடுகள் கேட்டிருந்தது 1.3 லட்சம் கோடி டாலர்.

தாமதமாகவாவது கட்டிவிட்டவனிடம் நாம் கணக்கை முடித்துக்கொள்வோம் இல்லையா? எங்கே இடிக்கிறது? கோபப்படாமல் சொல்லுங்கள்.

கேள்விக்குறி

சார், முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். போன பருவத்தில் இதே எண்களை வைத்துத்தான் கட்டுரை எழுதினேன், அதனால் மனப்பாடமாக இருக்கிறது.

அந்த 11,590 கோடியைப் பிரித்தால் இப்படி வரும். நாடுகள் நேரடியாகத் தந்தது 4,100 கோடி. உலக வங்கி மாதிரி பலதரப்பு வங்கிகள் வழியாக 5,060 கோடி. ஏற்றுமதிக் கடன் 240 கோடி. மீதி 2,190 கோடி தனியார் முதலீடு. அரசுப் பணம் முன்னே போனதால் பின்னாலேயே வந்த தனியார் பணம் என்று அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டும் சேர்ந்த 9,160 கோடிதான் அரசுப் பணம். அதில் 69 சதவீதம் கடன், 28 சதவீதம் மானியம். ஆக, திருப்பிக் கேட்காத பணம் ஏறக்குறைய 2,560 கோடி. கடனையெல்லாம் முழு முகமதிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

தணிக்கைக்காரர்

முகமதிப்பிலா? சலுகை எவ்வளவோ அதை மட்டும் எழுதவில்லையா?

கேள்விக்குறி

இல்லை சார். 100 கடன் கொடுத்தால் 100 என்று எழுதுவார்கள். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் அதைத்தான் கழித்துப் பார்த்தது. 2022இல் உண்மையில் கைமாறிய உதவியின் மதிப்பு 2,800 முதல் 3,500 கோடிக்குள்தான் என்பது அவர்கள் கணக்கு.

தணிக்கைக்காரர்

சரி, இது வேறு விஷயம். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். சந்தையில் 6 சதவீத வட்டிக்குக் கிடைக்கும் பணத்தை ஒருவர் உங்களுக்கு 3 சதவீதத்துக்கு, பத்து வருடம் கழித்து அசல் என்று தருகிறார். 100 ரூபாய்க்கு வருடம் 3 ரூபாய் மிச்சம். பத்து வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு 22 ரூபாய் சொச்சம். அவர் உங்களுக்குச் செய்த உதவி அந்த 22. ஊரில் அவர் சொல்லிக்கொள்வது 100.

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். மொய்யும் திரும்பச் செய்ய வேண்டியதுதான், இனாம் இல்லை. ஆனால் அதற்கு வட்டி கிடையாது, உங்களுக்கு நல்லது கெட்டது வந்த நேரத்தில் வந்து கேட்கமாட்டார்கள். இங்கே மொய் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு வட்டிக்கடை ரசீதைக் கையில் கொடுக்கிறார்கள் போல.

நேர்ப்பேச்சு

ஐயா, கடன் என்றாலே கெட்டதா? சூரிய மின்நிலையம் கட்டக் கடன் வாங்கினால் மின்சாரம் விற்றுக் கட்டிவிடலாம். மெட்ரோ ரயிலுக்கு ஜப்பான் தரும் கடனை நாம் சந்தோஷமாகத்தானே வாங்குகிறோம்? இனாமாக வரும் பணத்துக்கு மதிப்பு இருக்காது. கடன் என்றால் வாங்குபவனுக்கும் கொஞ்சம் பொறுப்பு வரும். எல்லாம் இலவசமாக வேண்டும் என்பது நம் ஊர் வியாதி.

கப்பல்காரன்

நேர்ப்பேச்சு தம்பி, பாதி சரி. விளைச்சல் தரும் நிலத்துக்குக் கடன் வாங்கலாம். சுவருக்கு வாங்கினால் எதை விற்றுக் கட்டுவது?

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மொசாம்பிக்கில் பெய்ரா என்று ஒரு துறைமுகம். மூன்று முறை போயிருக்கிறேன். பூங்குவே ஆறு கடலில் கலக்கும் இடம், சேறு ஓயாமல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும், தூர் வாரும் கப்பல் எப்போதும் ஒன்று வேலை செய்யும். ஓதத்துக்கும் வற்றத்துக்கும் ஆறேழு மீட்டர் வித்தியாசம் வரும். ஊரில் பல இடங்கள் உயர் ஓத மட்டத்துக்குக் கீழே. மழைக்காலத்தில் ஓதமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் எங்கேயும் போகாது. அந்த ஊருக்குத்தான் 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் வந்தது. மொசாம்பிக்கில் மட்டும் 600க்கு மேல் செத்தார்கள். ஆறு வாரம் கழித்து வடக்கே கென்னத் என்று இன்னொன்று.

அதற்கு அடுத்த வருடம் நான் போனபோது, முன்பு பழக்கமாயிருந்த ஒரு கிடங்குக்காரர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூரை இருந்த இடத்தில் நிவாரணத் தார்ப்பாய். தகரம் ஏன் போடவில்லை என்று கேட்டேன். அடுத்ததும் தூக்கிக்கொண்டு போகத்தானே போகிறது என்று சிரித்தார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். புயலுக்கு அடுத்த மாதம் பன்னாட்டு நாணய நிதியம் மொசாம்பிக்குக்கு 11.8 கோடி டாலர் கொடுத்தது. அது கடன். வட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஐந்தரை வருடம் கழித்துத் தவணை ஆரம்பம், பத்து வருடத்தில் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த நாடு ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தது. ஜூனில் பெய்ராவிலேயே கொடையாளர் மாநாடு முடிந்தது. சீரமைக்கத் தேவை 320 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள், 120 கோடிக்கு வாக்கு கிடைத்தது.

அதே 2019 செப்டம்பரில், கென்னத் அடித்த அதே காபோ டெல்காடோ மாகாணத்தில் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி 500 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு 470 கோடியாகக் குறைத்தார்கள், நடுவில் அங்கே தீவிரவாதத் தாக்குதலால் வேலை நின்றது, 2025 மார்ச்சில் மறுபடி ஒப்புதல்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வழி தெரிந்துதான் வருகிறது.

கேள்விக்குறி

கப்பல்காரன் ஐயா, ஒரு திருத்தம் மட்டும். நாணய நிதியக் கடன் அந்த 10,000 கோடிக் கணக்கில் வராது. அது தனி.

கப்பல்காரன்

சரியம்மா. ஆனால் கூரை போனவனுக்கு எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்பது தெரியாது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் கடன் என்று இருந்தது, அவ்வளவுதான்.

நேர்ப்பேச்சு

மொசாம்பிக்கை எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. அந்த நாடு ஏன் கடனில் மூழ்கியது என்று ஐயா சொல்லவில்லையே? 2013, 14இல் சூரை மீன் பிடிக்கப் படகு வாங்குகிறோம், கடலோரக் காவலுக்குப் படகு வாங்குகிறோம் என்று சொல்லி ஏறக்குறைய 200 கோடி டாலர் கடன். பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாமல். படகுகள் தலைநகர் மாபூட்டோவில் சும்மா நின்று துருப்பிடித்தன. 2016இல் விஷயம் வெளியே வந்ததும் நாணய நிதியமும் கொடையாளர்களும் கையை விரித்தார்கள். அன்றைய நிதியமைச்சர் மானுவல் சாங் 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு. இப்படிப்பட்டவர்கள் கையில் மானியமாகக் கொடுத்தால் பெய்ராவுக்குச் சுவர் வருமா, அமைச்சர் வீட்டுக்கு வருமா?

தணிக்கைக்காரர்

இதற்குப் பதில் வேண்டும். தணிக்கையில் முதல் கேள்வியே இதுதான்.

கப்பல்காரன்

சொல்கிறேன். சூரைப் படகுக் கதை உண்மை. எங்கள் ஊரில் சூரை பிடிப்பவர்கள் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அந்த விலைக்கு அந்தப் படகா என்று. ஆனால் கடன் கொடுத்தது யார்? கிரெடிட் சுவிஸ் என்ற சூரிச் வங்கியும் ரஷ்யாவின் ஒரு வங்கியும். கிரெடிட் சுவிஸ் 2021இல் அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிகளோடு சமரசம் பேசி 47.5 கோடி டாலர் கட்டியது. அந்த வங்கியின் ஆட்களே லஞ்சத்தில் பங்கு வாங்கியதாக ஒப்புக்கொண்டார்கள். லஞ்சம் கொடுக்க ஒரு கை, வாங்க ஒரு கை. ஒரு கையை மட்டும் ஆப்பிரிக்கக் கை என்று காட்டுவது எப்படி?

அப்புறம் பணம் ஒழுங்காகப் போன இடமும் அதே ஊரில் இருக்கிறது. பெய்ராவுக்குள் ஷிவேவே என்று ஓர் ஆறு, நம் ஊர் பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி குப்பைத்தொட்டியாகக் கிடந்தது. ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் பணம் போட, தூர் வாரி, கரையில் அலையாத்தி வளர்த்து, ஓத நீர் ஏறாமல் மதகு வைத்தார்கள். மேயர் டாவிஸ் சிமாங்கோ அதைப் பிடித்த பிடியாகச் செய்தார், 2021இல் இறந்துபோனார். இடாய் வந்தபோது வடிகால் வேலை முடிந்திருந்த பகுதிகளில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. அந்த வாய்க்காலில் ஒரு பைசா வருமானம் கிடையாது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன், சுவரை விற்க முடியாது.

கேள்விக்குறி

கப்பல்காரன் ஐயா சொன்ன இந்த ‘சுவர்’ வகைக்கு என் கட்டுரையில் தகவமைப்பு என்று எழுதினேன், அதாவது வரும் பாதிப்பைத் தாங்க நம்மைத் தயார்செய்வது. 11,590 கோடியில் தகவமைப்புக்குப் போனது 3,240 கோடி மட்டும். மீதியில் பெரும்பகுதி சூரிய மின்சாரம், மெட்ரோ போன்ற உமிழ்வுக் குறைப்புக்கு. நேர்ப்பேச்சு அண்ணா சொன்னபடி கடன் திரும்பி வரக்கூடிய இடங்களுக்குத்தான் பணமும் பிரியமாகப் போகிறது.

இன்னொன்று. எதையெல்லாம் ‘பருவநிலைப் பணம்’ என்று எழுதலாம் என்பதற்குக் கட்டாய விதி எதுவும் இல்லை. 2023இல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுத்த பட்டியல்களைத் தோண்டினார்கள். ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடை திறக்க இத்தாலி போட்ட பணம் அதில் இருந்தது. ஹைத்தியில் ஒரு ஓட்டலுக்கு அமெரிக்கா கொடுத்த கடன் இருந்தது. வங்காளதேசத்தின் மாத்தர்பாரியில் 1,200 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட ஜப்பான் கொடுத்த கடனும் இருந்தது. பழைய நிலக்கரி நிலையத்தைவிட இது கொஞ்சம் குறைவாகப் புகைவிடும் என்பது ஜப்பானின் வாதம்.

அம்பத்தூர் பட்டறை

நிலக்கரி நிலையத்துக்குப் பருவநிலைப் பணமா! வாசித்துவிட்டுக் கடையில் எல்லாரிடமும் காட்டினேன்.

தணிக்கைக்காரர்

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே தேங்காயும் பிள்ளையாரும் அவர்களுடையதே. எப்படியும் போட இருந்த முதலீட்டின் மேல் ஒரு சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். 1992 ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தில் ‘புதிய, கூடுதலான’ பணம் என்றுதானே இருக்கிறது? எதற்குக் கூடுதல் என்பதை வரையறுக்காமல் விட்டது யார்? தணிக்கையாளனாக இதுதான் எனக்குப் பெரிய ஓட்டை. கையாடலைக்கூடப் பிடித்துவிடலாம். அளவுகோலே இல்லாத கணக்கில் பிழை என்று எதைச் சுட்டுவது?

வடமராட்சியான்

கப்பல்காரன் அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். எங்கட கதையும் அதுதான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலையகத்தில் மண்சரிவோடு ஊர்களே போனது. அடுத்த மாதம் நாணய நிதியம் அவசர உதவி என்று சுமார் 20 கோடி டாலர் அனுமதித்தது. இது கடன், அதுவும் மொசாம்பிக் மாதிரி வட்டியில்லாத வகை அல்ல. நடுத்தர வருமான நாடு என்ற பெயர் எங்களுக்கு ஒட்டிவிட்டதால் அந்தச் சலுகை கிடையாது, ஐந்து வருடத்துக்குள் கட்ட வேண்டும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. அதற்கு எங்கட ஆட்சியாளர்கள்தான் காரணம், ஓம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பதுளையில் தேயிலை பறிக்கிற அம்மாவின் லயம் (தோட்டத்து வரிசை வீடு) மண்ணுக்குள்ளே போனதற்கு அவ எந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைச்சவ?

ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கு. கரீபியன் தீவு கிரனடா, 2015இல் கடனை மாற்றியமைக்கும்போதே, பெரிய புயல் வந்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்துப் போட்டது. 2024இல் பெரில் புயல் அடித்ததும் அந்த ஷரத்தை எடுத்துக் காட்டித் தவணையைத் தள்ளிவைத்தார்கள். பக்கத்துத் தீவு பார்படோஸின் பிரதமர் மியா மோட்லி இதைத்தான் எல்லாக் கடனிலும் போடச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறா. கடன் கொடுப்பவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தணிக்கைக்காரர்

இதைப் படித்ததும் எனக்கு மொய் நோட்டு ஞாபகம் வந்தது. துக்க வீட்டில் தவணை கேட்காதே.

தெற்குச்சீமை

எல்லாம் சரி, உலகத்தைக் கேட்பதற்கு முன் டெல்லியைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. சென்னை, தென்மாவட்டம் இரண்டு வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. அதிகம் புகைவிட்டவன் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா.வில் பேசுகிற வாய்

நெறியாளர்

மேலே உள்ள பதிவின் கடைசி வரி விதிமீறல் என்பதால் நீக்கப்பட்டது. மத்திய-மாநில நிதிப் பகிர்வுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடவும்.

நேர்ப்பேச்சு

தெற்குச்சீமை திசைமாறினாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘யார் பணக்காரன்’ என்ற பட்டியல் அந்த 1992 ஒப்பந்தத்தில் எழுதியது. அந்தப் பட்டியலில் கத்தார் இல்லை. சவூதி இல்லை, சிங்கப்பூர் இல்லை, தென் கொரியா இல்லை. ஆண்டுக்குத் தலைக்கு 35 டன் கரியமில வாயுவைத் தாண்டுகிற கத்தார் ‘வளரும் நாடு’. சீனா உலகத்தில் அதிகம் புகைவிடும் நாடு, அதுவும் ‘வளரும் நாடு’. போர்ச்சுகல்காரன் கட்ட வேண்டும், கத்தார்காரன் கட்ட வேண்டாம். இதற்கு என்ன நியாயம்?

இந்தியாவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தலைக்கு 2 டன் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த சராசரியில் ஜார்கண்ட் விறகு பொறுக்கும் பெண்ணும் இருக்கிறாள், சொந்த விமானம் வைத்திருப்பவரும் இருக்கிறார். அவள் குறைவாக எரிப்பதைக் காட்டி இவர் தப்பிக்கிறார்.

கேள்விக்குறி

அண்ணா, பட்டியல் பழசாகிவிட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2023இல் துபாய் பருவநிலை மாநாட்டில், பருவநிலை அழிவுக்கு ஈடாக ஏழை நாடுகளுக்குத் தரும் இழப்பு, சேத நிதிக்கு முதல் நாளே ஐக்கிய அமீரகம் 10 கோடி டாலர் என்று சொன்னது. பட்டியலில் இல்லாத நாடு! அமெரிக்கா சொன்னது 1.75 கோடி. 2025 மார்ச்சில் அந்த நிதியின் குழுவிலிருந்தே அமெரிக்கா விலகிக்கொண்டது.

ஆனால் புதிய ஆட்களைச் சேர்ப்பதும் பழைய பாக்கியும் வேறு வேறு இல்லையா? கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தொழிற்புரட்சியிலிருந்து இதுவரை விட்ட மொத்தத்தில் அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சீனா 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இந்தியா மூன்று, மூன்றரை.

லண்டனில் ஹோல்பர்ன் வயடக்ட் என்ற இடத்தில் முதல் நிலக்கரி மின்நிலையம் 1882இல் ஓட ஆரம்பித்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. 142 வருடம் எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கோமாட்டி நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள், அதுவும் நாடே மின்வெட்டில் தவித்த வருடத்தில். அதைச் சூரிய மின்சாரம், பேட்டரி என்று மாற்ற உலக வங்கி 49.7 கோடி டாலர் கொடுத்தது என்று பெரிய செய்தி. உள்ளே பார்த்தால் 43.95 கோடி சாதாரணக் கடன், 4.75 கோடி சலுகைக் கடன், மானியம் 1 கோடி. சார் கணக்குக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

தணிக்கைக்காரர்

எடுத்துக்கொண்டேன். ஐம்பதில் ஒன்று.

கப்பல்காரன்

நேர்ப்பேச்சு தம்பி இந்தியாவைப் பற்றிச் சொன்னதற்கு நான் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனது ஆறாது. பெய்ராவுக்கு நான் போனதே எதற்குத் தெரியுமா? நிலக்கரி ஏற்றத்தான். டெட்டே மாகாணத்து மொவாடிஸிலிருந்து ரயிலில் வரும், இரும்பாலைக்கு ஆகிற கரி. அந்தச் சுரங்கத்தை 2022இல் பிரேசிலின் வாலே நிறுவனத்திடமிருந்து வாங்கியது இந்தியத் தனியார் குழுமம். பக்கத்து பெங்கா சுரங்கத்தை 2014இலேயே நம் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டன. பெய்ராக்காரன் கூரை போனதற்கு நாம் காரணமில்லை, நம் பங்கு சின்னது, எல்லாம் சரி. ஆனால் அவன் துறைமுகத்தில் கரி ஏற்றிக்கொண்டு போகிற கப்பலில் இருந்தவன் நான். ஒன்றுமே தெரியாதவன் மாதிரி உட்கார முடியவில்லை.

நேர்ப்பேச்சு

இது நேர்மையான பேச்சு. நன்றி ஐயா. பழைய பாக்கிக்காரர்கள் முதலில் கட்டட்டும், புதுப் பணக்காரர்களும் நோட்டில் பெயர் கொடுக்கட்டும். இந்த வரிசைக்கு நான் உடன்படுகிறேன். ‘கடமை’ என்ற வார்த்தைதான் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. தர்மம் என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். யார் வந்து கட்டாயப்படுத்தப் போகிறார்கள்?

கேள்விக்குறி

2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் இதற்குக் கருத்துச் சொல்லிவிட்டது அண்ணா. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று. ஆலோசனைக் கருத்துதான், போலீஸ் வராது. ஆனால் அது வந்த வழி எனக்குப் பிடிக்கும். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் சிலர் ஆரம்பித்து வைத்தது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டின் அரசு அதைக் கையில் எடுத்து 2023இல் ஐ.நா. பொதுச்சபை வழியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. இதே வனுவாட்டுதான் 1991இல் கடல்மட்டம் உயர்ந்து வரும் இழப்புக்கு ஒரு காப்பீட்டு நிதி வேண்டும் என்று முதலில் கேட்டது. அந்த எண்ணத்துக்கு 2022இல்தான் எகிப்து மாநாட்டில் இழப்பு, சேத நிதி என்று பெயர் வைத்தார்கள். கேட்ட வருடம் பிறந்த குழந்தைக்கு அப்போது 31 வயது.

அம்பத்தூர் பட்டறை

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பட்டறையில் போல்ட், நட் செய்கிறோம். 18 பேர் வேலை. ஐரோப்பாவுக்குக் கொஞ்சம் போகும். 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கார்பன் கணக்கு கேட்கிறது, 2026இலிருந்து அது காசாகவே வருகிறது. இறக்குமதி செய்பவர்தான் கட்ட வேண்டும், ஆனால் அவர் அதை என் விலையில் கழிப்பார். போன வாரம் ஒரு பெரிய எக்செல் தாள் அனுப்பியிருக்கிறார். நீங்கள் வாங்கும் கம்பி ஊதுலையில் உருக்கியதா, மின்வில் உலையில் உருக்கியதா, ஒரு டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்று கேட்கிறது.

இங்கே படித்துக்கொண்டு வரும்போது தோன்றியது. நமக்குத் தருவதாகச் சொன்ன பணத்தில் பெரும்பகுதி கடன். நம்மிடமிருந்து வாங்குவது மட்டும் ரொக்கம். அந்த வரிப் பணம் ஐரோப்பியக் கஜானாவுக்குத்தான் போகும், பெய்ரா வாய்க்காலுக்கு வராது. இதை யாராவது அந்த 30,000 கோடியில் கழித்துக் காட்டுவார்களா சார்?

தணிக்கைக்காரர்

குறுக்கீடு இல்லை, இந்த இழைக்கு வேண்டிய மறுபக்கப் பதிவே இதுதான். வரவு எழுதினால் செலவும் எழுத வேண்டும். நான் முதலில் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘கொடுத்தாயிற்று’ என்று எழுதியது தப்பு. பாக்கூவின் 30,000 கோடியையும் பார்த்தேன். ‘பல வழிகளிலிருந்து’ என்று வாசகம் இருக்கிறது. பலதரப்பு வங்கிக் கடன், தனியார் முதலீடு எல்லாம் அதற்குள்ளேயே. மாயத்தோற்றம் என்று சாந்தினி ரெய்னா அம்மா சொன்னதற்கு இப்போது அர்த்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்று, நம் பக்கத்து ஆட்களும் 1.3 லட்சம் கோடி என்று கேட்கும்போது அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கடைசிவரை விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினால் எதிராளி மொத்தத்தை மட்டும் ஏற்றிக் காட்டுவான்.

பட்டறைத் தம்பி, அந்த எக்செல் தாளைத் தனிமடலில் அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம். ஒரு ஆர்வம்தான்.

நேர்ப்பேச்சு

இதை மானியத்தில் எழுதுவீர்களா, சலுகைக் கடனா சார்? :)

தணிக்கைக்காரர்

மொய். பட்டறையில் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டால் போதும்.

அம்பத்தூர் பட்டறை

அனுப்பிவிட்டேன் சார். நீங்கள் கேட்டபடி கம்பி எந்த உலையில் உருக்கியது என்று ஆலைக்காரருக்கு போன் போட்டேன். பத்து வருடமாகக் கம்பி வாங்குகிறேன், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லையாம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.